நூற்றுக்கு நாற்பது

பாரதியாரின் 'கரும்புத் தோட்டத்திலே' பாட்டைக் கேட்டுக் கண் கலங்காத தமிழர் குறைவு. பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவிலோ, பாரதி விழாவிலோ யாராவது ஒரு பெண் எழுந்து அதைப் பாடுவாள். சபை நிசப்தமாகிவிடும். பாட்டு முடிந்ததும் மூக்கைச் சிந்திக்கொண்டு, கைக்குட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, காப்பி குடிக்கப் போய்விடுவோம். நானும் அப்படிப் பல தடவை போனவன்தான். பாட்டுக்கு மேலே 'பிஜித் தீவிலே ஹிந்து ஸ்திரீகள்' என்று கவிஞர் எழுதி வைத்திருக்கிறாரே, அந்த ஸ்திரீகள் யார், அவர்களுக்குப் பெயர் உண்டா, ஊர் உண்டா, அங்கே அவர்களுக்கு நேர்ந்தது என்ன என்று ஒரு நாளாவது கேட்டதில்லை.

கேட்க வைத்தது ஒரு கணக்கு. பிஜித் தீவுகளில் ஒப்பந்தக் கூலி முறை நடந்துவந்த காலத்தில், இந்தியக் கூலி மக்களிடையே கொலையுண்டவர்கள் எத்தனை பேர் என்று சரித்திர ஆசிரியர் பிரிஜ் லால் எண்ணிப் பார்த்திருக்கிறார். 96 பேர். அவர்களில் 68 பேர் பெண்கள். அந்தத் தோட்டங்களிலோ ஆண்கள் அதிகம், பெண்கள் குறைவு. எண்ணிக்கையில் குறைந்தவர்கள் சாவில் மட்டும் மிஞ்சியிருக்கிறார்கள்! பூமி உருண்டையின் மறுபக்கத்தில் டிரினிடாட் என்று ஒரு தீவு. அங்கேயும் கரும்புத் தோட்டம். அங்கேயும் நம் ஜனங்கள். 1872 முதல் 1900 வரை அங்கே கொலையுண்ட இந்தியப் பெண்கள் 87 பேர். அவர்களில் 65 பேரைக் கொன்றவர்கள் அவரவர் கணவன்மார்.

நம் கிராமங்களில் கொலை விழுவதில்லையா? விழுகிறது. வரப்புத் தகராறு, வாய்க்கால் தண்ணீர், பங்காளிக் காய்ச்சல் என்று காரணம் பலவிதம். கதை எழுதுகிறவனுக்கு இந்தக் காரணங்களில் ஒரு கண் எப்போதும் உண்டு. ஆனால் உயிரை விட்டவர்கள் பத்துக்கு ஏழு பேர் பெண்களாகவே இருந்தால், அது தனி மனிதர்களின் கோபத்தோடு முடிகிற சமாசாரம் அல்ல. அதற்குப் பின்னால் வேறு என்னவோ இருந்தாக வேண்டும்.

அந்தக் காலத்து அதிகாரிகளுக்கு இந்தச் சந்தேகமே வரவில்லை. அவர்கள் கைவசம் ஒரு பதில் தயாராக இருந்தது. 'பெண் விஷயமாகப் பொறாமை.' தஸ்தாவேஜுகளில் வருஷத்துக்கு வருஷம் இதே காரணம் வருகிறது. கணவன் பொறாமைக்காரன், மனைவி நடத்தை கெட்டவள், கரும்பு வெட்டுகிற கத்தி கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. அவ்வளவுதான் வழக்கு. கொன்றவன் தூக்கு மேடைக்குப் போனான். கொலையுண்டவள் குழிக்குப் போனாள். பைல் அலமாரிக்குப் போயிற்று.

அந்த அலமாரியில், அதே சர்க்காரின் இன்னொரு பைலில், வேறொரு எண் இருந்தது. அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் அடிமை முறை 1834-ல் ஒழிந்தது. அடிமைகள் விடுதலை பெற்றார்கள். ஆனால் சர்க்கரை தின்கிற வாய்கள் மூடிக்கொள்ளவில்லை. கரும்பு முதலாளிகள் ஆளுக்கு எங்கே போவது என்று பார்த்தார்கள். பஞ்சமும் பட்டினியும் நிறைந்த இந்தியா கண்ணில் பட்டது. 1834-லேயே மொரீஷியஸுக்குக் கப்பல் போயிற்று. 1838-ல் பிரிட்டிஷ் கயானா, 1845-ல் டிரினிடாட், 1860-ல் நேட்டால், 1879-ல் பிஜி. மொத்தம் பன்னிரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடல் கடந்தார்கள். நேட்டாலுக்குப் போன முதல் கப்பலான 'ட்ரூரோ' புறப்பட்டது நம் சென்னைத் துறைமுகத்திலிருந்துதான். பிஜிக்குச் சென்னையிலிருந்து ஆள் ஏற்றத் தொடங்கியது 1903-ல். அங்கே போன அறுபதினாயிரத்துச் சொச்சம் பேரில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். வட ஆர்க்காட்டுக்காரர்கள் உண்டு, தஞ்சாவூர்க்காரர்கள் உண்டு, தெலுங்கு தேசத்தாரும் மலையாளத்தாரும் உண்டு.

'அக்ரிமெண்டு' என்ற சொல் அந்த ஜனங்கள் வாயில் 'கிர்மித்' ஆயிற்று. ஐந்து வருஷத்துக் கிர்மித். பிஜியில் ஆணுக்கு ஒரு நாள் கூலி ஒரு ஷில்லிங், அதாவது 12 பென்ஸ். பெண்ணுக்கு 9 பென்ஸ். அதுவும் குறித்த வேலையை முழுக்க முடித்தால்தான். அரைகுறையாக நின்றால் கூலியும் அரைகுறை. நம் ஊரில் கூலிக்காரன் ஒரு நாள் வரவில்லையென்றால் அன்றையக் கூலி போயிற்று, அத்தோடு சரி. அங்கே வேலைக்கு வராததே கிரிமினல் குற்றம். மாஜிஸ்டிரேட்டு முன்னால் நிறுத்தி அபராதமோ சிறையோ போடுவார்கள். பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு வயலுக்குப் போக முடியாமல் லயத்திலேயே தங்கிவிட்ட தாய்க்கும் இதே சட்டந்தான். நியாய ஸ்தலம் என்பதை அந்தப் பெண்கள் முதன் முதலில் பார்த்தது, பெரும்பாலும், தாங்களே குற்றவாளியாக நின்றபோதுதான்.

இந்த ஏற்பாட்டில் பெண்களைக் கொண்டுபோக முதலாளிகளுக்கு இஷ்டமில்லை. பெண் என்றால் பிள்ளைப்பேறு. பிள்ளைப்பேறு என்றால் வேலை நஷ்டம். ஆனால் ஆண்களை மட்டும் கொண்டுபோய்க் கொட்டினால் விபரீதம் விளையும் என்று இந்திய சர்க்காருக்குத் தோன்றியது. இரண்டு பக்கமும் பேரம் பேசி, கூட்டியும் குறைத்தும் பார்த்து, கடைசியில் ஒரு விகிதத்தில் வந்து நின்றார்கள். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள்.

நூற்றுக்கு நாற்பது. அறுபது ஆண்களுக்குத் துணை இல்லை என்று அச்சடித்துக் கையெழுத்துப் போட்ட கணக்கு இது. மாட்டுத் தரகன்கூட ஜோடி சேர்த்துத்தான் மாடு பிடிப்பான்.

அந்த நாற்பதும் சுலபத்தில் கிடைக்கவில்லை. எண்ணிக்கை சேராமல் கப்பல் புறப்பட முடியாது. ஆகவே ஆள் பிடிக்கும் தரகர்களுக்கு ஆணைவிடப் பெண்ணுக்குக் கமிஷன் அதிகம். எந்தப் பெண் அவர்களிடம் அகப்படுவாள்? புருஷனும் குழந்தைகளுமாகக் குடித்தனம் நடத்துகிறவள் அகப்படமாட்டாள். இளம் வயதில் தாலி அறுத்தவள், மாமியார் வீட்டுக் கொடுமை தாங்காமல் ஓடிவந்தவள், புருஷன் தள்ளிவைத்தவள், யாத்திரை போன இடத்தில் கூட்டத்தைத் தவறவிட்டவள். 1913-ல் குடியேற்ற நாடுகளைச் சுற்றிப் பார்த்த மக்நீல், சிமன்லால் என்ற இரு சர்க்கார் பிரதிநிதிகள், கப்பலேறிய பெண்களில் கணவனோடு போனவர்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கே என்று எழுதினார்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் விதவைகளும், கணவனை விட்டு வந்தவர்களும்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். தரகன் ஏமாற்றினான் என்று சொல்லிவிட்டு நாம் கை கழுவிக்கொள்வது வழக்கம். ஏமாற்றினான், உண்மைதான். சர்க்கரை சலித்தால் போதும், கை நிறையக் காசு என்றெல்லாம் புளுகினான். ஆனால் அவன் வலை விரித்த இடத்துக்கு அவளைத் துரத்தியது யார்? மொட்டையடித்து மூலையில் உட்கார வைத்த வீடு. ஒரு வேளைச் சோற்றுக்கு ஒன்பது சொல் சொன்ன வீடு. காயித்ரா பகதூர் என்ற எழுத்தாளர் தம் கொள்ளுப்பாட்டியைத் தேடிக் 'கூலி உமன்' என்று ஒரு புத்தகம் எழுதி 2013-ல் வெளியிட்டார். சுஜாரியா என்ற அந்தப் பெண், 1903-ல், வயிற்றில் பிள்ளையோடு, துணையில்லாமல் கல்கத்தாவில் கப்பலேறிக் கயானா போனவள். பிராம்மண குலத்தவள் என்று பதிவேடு சொல்லுகிறது. அவளைக் கடத்திக்கொண்டு போனார்களா, அவளாகவே தப்பித்துப் போனாளா? பேத்தி எத்தனையோ தேடினார். பதில் கிடைக்கவில்லை. எனக்குத் தோன்றுவது, அந்தப் பெண்களில் பலருக்கு இந்த இரண்டுக்கும் நடுவே அதிக வித்தியாசம் இருந்திராது.

கப்பலில் ஆண்களுக்கு ஓரிடம், தனிப் பெண்களுக்கு ஓரிடம், குடும்பங்களுக்கு நடுவிலே ஓரிடம் என்று பிரித்து வைத்திருந்தார்கள். பாதுகாப்பு ஏற்பாடு காகிதத்தில் ஒழுங்காகத்தான் இருந்தது. 1885-ல் கல்கத்தாவிலிருந்து கயானாவுக்குப் போன 'அலன்ஷா' என்ற கப்பலில் மகாராணி என்று ஒரு பெண். பெயர்தான் மகாராணி. கப்பலில் வேலை செய்த மாலுமிகள் தன்னைக் கெடுத்துவிட்டதாகக் கூட இருந்த இரண்டு பெண்களிடம் சொல்லிவிட்டு நடுக்கடலில் செத்துப் போனாள். கயானாவில் விசாரணைக் கமிஷன் வைத்தார்கள். அந்த இரண்டு பெண்களும் சாட்சி சொன்னார்கள். கேள்விகள் கேட்கப்பட்டன, காகிதங்கள் நிரம்பின. யாரும் தண்டனை அடையவில்லை. இறந்தவள் தன் வாயால் சொன்னது சாட்சியாகச் செல்லவில்லை. அந்தக் காகிதங்களை ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு சரித்திர ஆசிரியர்கள் எடுத்துப் படித்ததனால்தான் மகாராணி என்ற பெயரே இன்று நமக்குத் தெரிகிறது.

கரை சேர்ந்தாகிவிட்டது. இனி லயம். பிஜியில் ஓர் அறை பத்தடி நீளம், ஏழடி அகலம். ஓர் அறையில் ஒரு குடும்பம், அல்லது தனி ஆண்கள் மூவர். தடுப்புப் பலகைக்கு மேலே காற்றுப் போகிற இடைவெளி. அந்த இடைவெளியில் காற்று மட்டுமா போகும்? இருமலும், சண்டையும், குழந்தை அழுகையும், கொஞ்சலும் வரிசை முழுவதும் கேட்கும். குடும்பம் இருக்கிற அறைக்குப் பக்கத்து அறையில் மூன்று தனி ஆட்கள். அதற்கும் அடுத்த அறையில் இன்னும் மூன்று பேர்.

கலியாணமோ? டிப்போவிலே தெரிந்தவள், கப்பலிலே பழகியவள், லயத்திலே சேர்ந்தவள் என்று சம்பந்தங்கள் ஏற்பட்டன. மஞ்சள் கயிறு கட்டினாலும், அக்கினி வளர்த்தாலும், நிக்காஹ் ஓதினாலும் சட்டத்தின் கண்ணுக்கு அது கலியாணம் ஆகாது. சர்க்கார் ஆபீசில் பதிவு செய்தால்தான் செல்லும். டிரினிடாட்டில் ஹிந்துக் கலியாணம் தன்னளவில் சட்டப்படி செல்லும் என்று ஆனது 1946-ல் என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம். ஆகவே மனைவி விட்டுப் போனால் கணவன் கோர்ட்டில் கேட்க வழியில்லை. கணவன் விட்டுப் போனால் மனைவி ஜீவனாம்சம் கேட்க வழியில்லை. பிள்ளைகளுக்கு வாரிசுப் பாத்தியதை இல்லை. சாதி இல்லை, பஞ்சாயத்து இல்லை, மாமன் மச்சான் இல்லை. ஊரில் ஒரு கலியாணத்தைத் தாங்கிப் பிடிக்கிற இருபது கைகளும் கடலுக்கு அக்கரையில் நின்றுவிட்டன. இக்கரையில் சட்டமும் கையை விரித்துவிட்டது.

இதற்குள்ளே பெண்ணுக்கு ஒரு புது நிலைமை உண்டாயிற்று. அவள் கையில் சொந்தக் கூலி இருந்தது, குறைந்த கூலியானாலும். அடிக்கிறவனை விட்டுவிட்டு அடிக்காதவனோடு போக முடிந்தது. ஊரில் விதவையாக மூலையில் கிடந்தவள் இங்கே மறுபடியும் குடித்தனம் நடத்த முடிந்தது. அவளை மணக்க ஆள் போட்டி போட்டது. ஊரில் பெண்ணைப் பெற்றவன் சீர் செய்தான். இங்கே பெண்ணைக் கொள்பவன் பணம் கொடுத்தான். ஆனால் இந்தச் சுதந்திரம் பாசி படிந்த படிக்கட்டு மாதிரி. ஏறலாம், ஏறும்போதே வழுக்கும். ஆண் தன் வருஷக்கணக்கான மிச்சத்தை வெள்ளிக் காப்பாகவும் காசு மாலையாகவும் அவள் மேல் பூட்டி வைத்திருப்பான். அவனுக்குப் பாங்கியும் அவள்தான், வீடும் அவள்தான், ஊரும் உறவும் அவள்தான். அவள் போனால் எல்லாமே போயிற்று. மறுபடியும் இன்னொருத்தி கிடைப்பாள் என்ற நம்பிக்கையும் இல்லை. நூற்றுக்கு நாற்பது என்ற கணக்கு அந்த நம்பிக்கையை முன்பே பறித்துக்கொண்டிருந்தது. பெண்ணுக்குக் குறைவான கூலி என்பதால் அவளும் தனியே நின்று வாழ்வது கஷ்டம். ஒருவனை விட்டால் இன்னொருவனைப் பற்றித்தான் ஆகவேண்டும்.

கொன்றவனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. தோட்டத்தில் இருந்த ஆண்களில் ஆயிரக்கணக்கானவர்கள் இதே கஷ்டத்தை அனுபவித்தார்கள். கத்தியை எடுத்தவர்கள் சிலரே. கத்தியை எடுத்தவன் கொலைகாரன்தான். என் கேள்வி வேறு. கோர்ட்டு கேட்ட கேள்வி 'கத்தியைப் பிடித்தது யார்?' என்பது. அதற்குச் சரியான விடையும் கண்டுபிடித்தது. 'இந்தக் கத்தி ஏன் ஓயாமல் பெண்ணையே தேடிப் போகிறது?' என்ற கேள்வியை ஜட்ஜும் கேட்கவில்லை, கவர்னரும் கேட்கவில்லை. அவர்கள் கண்டுபிடித்த பரிகாரங்கள் என்ன தெரியுமா? பிறன் மனைவியை அழைத்துப் போனவனுக்கு அபராதம். கொல்லுவேன் என்று கணவன் மிரட்டுவதாகத் தெரிந்தால் இருவரில் ஒருவரை வேறு தோட்டத்துக்கு மாற்றுவது. நோயாளியைக் கட்டிலோடு தூக்கி அடுத்த அறையில் வைக்கிற வைத்தியம். நாற்பதை ஐம்பதாக்கலாம், நூறாக்கலாம் என்றால் செலவு. ஒன்பது பென்ஸைப் பன்னிரண்டாக்கலாம் என்றால் செலவு. 'நடத்தை கெட்டவள்' என்று எழுதுவதற்கு ஒரு சொட்டு மை போதும்.

சரி, போட்டிக்கு வந்தவர்கள் எல்லாரும் கூலிக்காரர்கள்தானா? வெள்ளைக்காரத் துரைமார் இல்லையா? இதைப் பற்றிப் பேசினால்தான் தோட்டத்தில் நாற்காலி ஆடும். பிரிட்டிஷ் கயானாவில், டெமராராவின் கிழக்குக் கரையில், நான்பரேல் என்று ஒரு தோட்டம். அங்கே ஜங்காலி என்ற கூலிக்காரன்; அவன் மனைவி ஜம்னி. தோட்டத்தின் தற்காலிக மானேஜருக்கும் அவளுக்கும் சம்பந்தம் என்பது ஊரறிந்த விஷயமாயிற்று. ஜங்காலி முறையிட்டான். கூலித் தகராறும் அதோடு சேர்ந்துகொண்டது. 1896 அக்டோபர் 13-ந் தேதி போலீஸ் துப்பாக்கி வெடித்தது. ஐந்து பேர் செத்தார்கள். 59 பேர் காயமடைந்தார்கள். செத்தவர்களில் ஜங்காலியும் ஒருவன். இந்தச் சம்பவத்திலும் ஒரு பெண், ஒரு கணவன், ஒரு பொறாமை. ஆனால் கொலைக் குற்றத்துக்காக யாரும் தூக்கில் ஏறவில்லை.

மறு வருஷம் ராயல் கமிஷன் ஒன்று கயானாவுக்கு வந்தது. பெச்சு என்ற வங்காளி, தானும் ஒப்பந்தத்தில் வந்தவன், நன்றாக இங்கிலீஷ் தெரிந்தவன், அதன் முன்னால் நின்று, மேஸ்திரி துரைமார்கள் கூலிப் பெண்களை வைத்துக்கொண்டிருப்பதைப் பச்சையாகச் சொன்னான். பத்திரிகைக்கும் எழுதினான். கடைசியில் கோர்ட்டுக்குப் போனது யார்? பெச்சுதான். தோட்டத்துத் தரப்பு அவன்மேல் அவதூறு வழக்குப் போட்டது. உண்மை சொன்னவனும் குற்றவாளிக் கூண்டில்தான் நிற்க வேண்டியிருந்தது.

இந்தக் கதைகளில் எல்லாம் ஒரு குறை இருப்பதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். ஜம்னி என்ன நினைத்தாள்? மானேஜரிடம் விரும்பிப் போனாளா, பயந்து போனாளா? ஐந்து பேர் செத்த பிறகு அந்த லயத்தில் எப்படி நடமாடினாள்? அவளுக்காக எல்லாரும் பேசினார்கள். அவள் பேசிய ஒரு சொல் நம் கையில் இல்லை. 68 பேர், 87 பேர் என்று எண்ணுகிறோமே, அவர்களில் யாருடைய சொல்லும் இல்லை. கொலையுண்டவள் வழக்கில் வெறும் சவம். அவளைப் பற்றி ஒரே ஒரு வரி இருக்கும். அந்த வரியை எழுதியவன் அவளைப் பார்த்திருக்கமாட்டான்.

அதனால்தான் குந்தியின் சமாசாரம் முக்கியமாகிறது.

குந்தி, கோரக்பூர் ஜில்லாப் பெண். சமார் குலம், நம் பக்கத்தில் சொல்வதானால் சக்கிலியர் என்று ஒதுக்கி வைப்பார்களே, அதுபோல ஒதுக்கப்பட்ட குலம். இருபது வயது. பிஜியில் ரேவா பிரதேசத்தில் நதேவா என்ற இடத்தில் கணவனோடு கிர்மித்தில் இருந்தாள். ஒரு நாள் மற்றப் பெண்களிடமிருந்து பிரித்து, தனியாக ஒரு வாழைத் தோட்டத்தில் களை பறிக்க அவளை அனுப்பினார்கள். சத்தம் போட்டாலும் கேட்காத இடம். பிறகு மேற்பார்வைத் துரை அங்கே வந்தான். அவள் திமிறிக்கொண்டு ஓடி ஆற்றிலே குதித்துவிட்டாள். ஜகதேவ் என்ற பையன் அந்தச் சமயம் படகில் வந்ததால் உயிர் பிழைத்தாள்.

மகாபாரதத்துக் குந்தி பழிக்குப் பயந்து பிள்ளையை ஆற்றில் விட்டாள். இந்தக் குந்தி பழிக்குப் பயந்து வாயை மூடவில்லை. நடந்ததைச் சொன்னாள். இருபத்தோரு வருஷம் பிஜியில் இருந்த தோதாராம் சனாத்தியர் முதலியோர் முயற்சியில் அது எழுத்தாகி, 1913-ல் கல்கத்தாவில் 'பாரத் மித்ரா' பத்திரிகையில் வெளியாயிற்று. நாடே கொதித்தது. இந்திய சர்க்கார் பிஜியிடம் விளக்கம் கேட்டது. பிஜி அதிகாரிகள் விசாரித்தார்கள். என்ன முடிவு வந்திருக்கும் என்று இந்நேரம் வாசகர்களே சொல்லிவிடுவார்கள். குற்றச்சாட்டில் உண்மையில்லை, அவள் பேச்சு நம்பத்தக்கதல்ல என்றார்கள். துரையை விசாரிக்கக் கிளம்பியவர்கள் குந்தியின் குணத்தை விசாரித்துவிட்டுத் திரும்பினார்கள். ஆனாலும் வெளியே வந்துவிட்ட சொல்லை அவர்களால் உள்ளே திருப்பி அனுப்ப முடியவில்லை.

அதே 1913-ல் இன்னொரு கரும்பு தேசத்தில் பெண்கள் வேறு வழி கண்டார்கள். தென்னாப்பிரிக்காவில், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத கலியாணம் செல்லாது என்று நீதிபதி ஸெர்ல் மார்ச்சு மாதத்தில் தீர்ப்புச் சொன்னார். நேட்டாலில் கிர்மித் முடித்தவர்களுக்குத் தலைக்கு மூன்று பவுன் வரி. பெண்ணுக்கும் அதே வரி. டிரான்ஸ்வாலிலிருந்து தமிழ்ப் பெண்கள் கைக்குழந்தைகளோடு எல்லை தாண்டி நேட்டாலுக்குள் நடந்தார்கள். சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தம் செய்யத் தூண்டினார்கள். கடுங்காவல் தண்டனை பெற்றார்கள். தில்லையாடி வள்ளியம்மை சிறையிலிருந்து நோயோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரியில், பதினாறு வயதில் இறந்தாள். அந்த வருஷமே வரி ரத்தாயிற்று. கலியாணமும் செல்லும் என்று சட்டம் வந்தது. கோர்ட்டில் குற்றவாளியாக நிறுத்தப்பட்டு வந்த பெண்கள், ஒரு தடவை தாங்களே விரும்பிக் குற்றவாளியாக நின்று காட்டினார்கள். சட்டந்தான் வெட்கப்பட வேண்டியிருந்தது.

பிஜியின் கதை முடிவதற்கு இன்னும் கொஞ்ச காலம் பிடித்தது. ஆண்ட்ரூஸும் பியர்ஸனும் 1915-ல் அங்கே போய்ப் பார்த்து, மறு வருஷம் அறிக்கை வெளியிட்டார்கள். 1917-ல் இந்தியப் பெண்களின் தூது கோஷ்டி ஒன்று வைஸ்ராயைப் போய்ப் பார்த்தது. அந்த வருஷமே ஆள் பிடிப்பது நின்றது. 1920 ஜனவரி முதல் தேதி பிஜியில் மிச்சமிருந்த கிர்மித்துகளும் ரத்தாயின. லட்சக்கணக்கான ஆண்களின் முதுகு வளைந்ததற்காக ஒழியாத முறை, பெண்களுக்கு நேர்ந்ததைக் கேட்டு ஜனங்கள் கொதித்ததால் ஒழிந்தது.

இதிலே நாம் பெருமைப்படலாம். ஆனால் ஓர் உறுத்தலும் இருக்கிறது. அன்று மேடைகளில் பேசியவர்கள் இந்தியாவின் மானம் போயிற்று என்றார்கள். ஹிந்து ஸ்திரீயின் கற்புக்குப் பங்கம் வந்தது என்றார்கள். பெண்ணுக்கு மூன்று பென்ஸ் கூலி குறைவு என்று மேடையில் அழுதவர்கள் அதிகம் இல்லை. குந்தியின் குலத்துப் பெண் ஒருத்தி கோரக்பூரிலேயே இருந்து, உள்ளூர் ஜமீன்தார் வீட்டுப் பிள்ளைமேல் இதே புகாரைச் சொல்லியிருந்தால், எந்தப் பத்திரிகை போட்டிருக்கும்? எந்த ஊர் கொதித்திருக்கும்? அவள் பேச்சு நம் காதில் விழுவதற்கு அவள் ஏழு கடல் தாண்டிப் போகவேண்டியிருந்தது. பிஜித் துரை அவளுடைய குணத்தைப் பற்றிக் கேட்டான் என்று கோபப்படுகிறோம். அந்தக் கேள்வியை அவன் நம்மிடமிருந்து கற்றுக்கொள்ளவில்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

இன்றைக்கும் காலைப் பத்திரிகையில் 'நடத்தையில் சந்தேகம்: மனைவி கொலை' என்று ஒற்றைப் பத்திச் செய்தி வருகிறது. காப்பி ஆறுவதற்குள் படித்துவிட்டு அடுத்த பக்கம் திருப்புகிறோம். அந்தச் செய்தியிலும் காரணம் ஒரு வரிதான். அந்த வரியிலும் குற்றம் அவள் பக்கமே சாய்ந்து நிற்கிறது. அவளுக்கு என்ன கூலி, போக்கிடம் இருந்ததா, முன்பே எங்கேயாவது போய் முறையிட்டாளா, முறையிட்டபோது யார் கேட்டார்கள் என்பதெல்லாம் அதில் இருப்பதில்லை. தோட்டத்துக் குமாஸ்தா எழுதிய அதே வரி, பேனாதான் மாறியிருக்கிறது.

அடுத்த தடவை யாராவது அந்தப் பாட்டைப் பாடினால் நான் அழாமல் இருக்கப் போவதில்லை. ஆனால் அழுகிறபோது, மகாராணி, ஜம்னி, குந்தி என்று மூன்று பெயர்களையாவது நினைத்துக்கொள்ள வேண்டும் என்று இருக்கிறேன். மற்றவர்கள் பெயர் எனக்குத் தெரியாது. அவர்களுடைய கணக்கு மட்டும் தெரியும்: நூற்றுக்கு நாற்பது.